திரையில் பம்பாய்த் தமிழர்: ஒரு தாதா, ஒரு ஐயர்

(நம் சங்கத்தின் உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சமீபத்தில் பார்த்த படங்கள், தொடர்கள் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்" என்று காரியதரிசி கேட்டார். ரிடையர் ஆன ஆசாமியிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் ராத்திரி சாப்பாட்டு வேளை வரை விடமாட்டான் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. அதனால் இருபது நிமிஷம் என்று கெடு வைத்துவிட்டார். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் வந்தால் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய தலைமுறை நாம். இன்று செம்பூரில் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, ரிமோட்டை அமுக்கி உலகத்துப் படங்களையெல்லாம் பார்க்கிறோம். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே நானே ஒரு எல்லை வகுத்துக்கொண்டேன். இந்த ஊர்த் தமிழன் எங்கே தலை காட்டுகிறானோ, அந்தப் படங்களையும் தொடர்களையும் மட்டும் இந்த மழைக்காலத்தில் வரிசையாகப் பார்த்தேன். சிலவற்றை இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பார்த்து முடித்ததும் ஒரு விஷயம் தெளிவாயிற்று. திரையில் பம்பாய்த் தமிழன் என்றால் இரண்டே பேர்தான். ஒருவர் தாராவி தாதா. இன்னொருவர் சிரிப்புக்கு ஒரு ஐயர்.

முதலில் தாதாவைப் பார்ப்போம். 'நாயகன்' 1987 தீபாவளிக்கு வந்தது. மணிரத்னம், கமல்ஹாசன், பி.சி.ஸ்ரீராம், தோட்டா தரணி. கடைசி மூவருக்கும் தேசிய விருது. 2005-ல் டைம் பத்திரிகை வெளியிட்ட சிறந்த நூறு படங்களின் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்தது. நாம் பார்த்து அசந்துபோன அந்தத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட் என்றால் இன்றும் பலர் நம்புவதில்லை. வரதராஜ முதலியாரை மனத்தில் வைத்து எழுதிய கதை என்பது ஊரறிந்த ரகசியம். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட பிள்ளையார் பந்தலை இந்தச் சபையில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். இப்போது மறுபடி பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது துப்பாக்கிச் சண்டை அல்ல. ஒரு சேட் தொழிற்சாலை கட்டுவதற்காகக் குடிசைகளை இடிக்கிறான். பதிலுக்கு வேலு நாயக்கர் ஆட்களோடு போய் அவன் பங்களாவை நொறுக்குகிறார். அந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இனி ஐயர். 1968-ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் ஒரு மதராஸி பாட்டு வாத்தியாராக வந்து, குடுமியும் உச்சரிப்புமாய் எல்லோரையும் சிரிக்க வைத்தார். நாமும் சிரித்தோம். நல்ல நடிப்பு, நல்ல பாட்டு. ஆனால் அதற்குப் பிறகு ஹிந்திக்காரர்கள் அந்த அச்சை உடைக்கவே இல்லை. 2008-ல் தொடங்கிய 'தாரக் மேஹ்தா கா உல்டா சஷ்மா' தொடரில் கிருஷ்ணன் ஐயர் இருக்கிறாரே, அவர் ஒரு விஞ்ஞானி. அவருடைய விஞ்ஞானத்தை யார் பார்த்தார்கள்? நிறமும், ஹிந்தி உச்சரிப்பும், அழகான மனைவி எப்படி வாய்த்தாள் என்ற அடுத்த வீட்டுக்காரரின் ஏக்கமும்தான் அவருக்குப் பங்கு. நடிப்பவர் தமிழரும் அல்லர். தொடர் குடும்பத்தோடு பார்க்கத் தக்கது, ஆபாசம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பேத்தி ஒரு நாள், "தாத்தா, நீயும் ஆபீஸ்ல இப்படித்தான் பேசுவியா?" என்று கேட்டாள். "இல்லேடி, நான் மராத்தியிலேயே சண்டை போடுவேன்" என்றேன். அவள் நம்பவில்லை.

வெப் சீரிஸ் வந்த பிறகு கொஞ்சம் மாறுதல் தெரிகிறது. 2019-ல் தொடங்கிய 'தி ஃபேமிலி மேன்' தொடரில் மனோஜ் பாஜ்பாயியின் மனைவி சுசித்ரா, ஒரு ஐயர் வீட்டுப் பெண். 'பருத்திவீரன்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய பிரியாமணி நடிக்கிறார். வேலைக்குப் போகிறாள், குழந்தைகளோடு மல்லுக்கு நிற்கிறாள், கணவனோடு சண்டை போடுகிறாள். அவளைப் பார்த்து யாரும் "ஐயோ ஐயோ" என்று பரிகாசம் செய்வதில்லை. வடக்கத்தி மாப்பிள்ளையும் தெற்கத்திப் பெண்ணுமாக நம் வீடுகளில் இன்று எத்தனை குடும்பங்கள்! அதை இயல்பாகக் காட்டியதற்கு ஒரு ஷொட்டு.

2021-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கதை சென்னைக்குப் போகிறது. தமிழர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள், மற்றவர்கள் கீழே எழுத்தில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். செல்லம் சார் என்ற அந்த ரிடையர்ட் உளவுத்துறை மனிதரை நாடே கொண்டாடியது. நம் வயதுக்காரருக்கு விஷயம் தெரியும் என்று ஒரு தொடராவது ஒப்புக்கொண்டதே! குறையும் சொல்லிவிடுகிறேன். ராஜியாக வரும் சமந்தாவின் நடிப்பு நெஞ்சைத் தொட்டது. ஆனால் ஈழத் தமிழ்ப் போராளிகளைப் பாகிஸ்தான் உளவாளியோடு முடிச்சுப் போட்டது அநியாயக் கற்பனை. தடை செய்யச் சொல்லித் தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதமே எழுதியது. தடை வேண்டும் என்பது என் கட்சி இல்லை. வருத்தம் நியாயமானது என்பேன்.

செம்பூர்க்காரர்களுக்கு ஒரு சிபாரிசு: 'ராக்கெட் பாய்ஸ்', 2022. ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் கதாநாயகர்கள். டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியதைப் பார்க்கும்போது, அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் பலரின் முகம் நினைவுக்கு வரும். கதையில் கற்பனை கலந்திருக்கிறது. அதனால் பேரக் குழந்தைகளைச் சரித்திரப் பரீட்சைக்கு இதை நம்பி அனுப்பாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான படம். 2019 ஜனவரியில் வந்த 'தாக்கரே'. நவாஸுதீன் சித்திக்கி நன்றாகவே நடித்திருக்கிறார். 1966-ல் சிவசேனை பிறந்த நாட்களில் நாம்தான் குறி. எந்தெந்த ஆபீசில் எத்தனை தென்னிந்தியப் பெயர்கள் என்று 'மார்மிக்' பத்திரிகையில் பட்டியல் போட்டார்கள். டிரெய்லரில் வந்த லுங்கி வசனத்தை நடிகர் சித்தார்த் பகிரங்கமாகக் கண்டித்தார். அரசியல் பேச நான் இங்கே வரவில்லை. அந்தக் காலம் மலையேறிவிட்டது, நம் பிள்ளைகள் இன்று மராத்தியில் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். என் ஆதங்கம் வேறு. அந்த நாட்களைக் கல் எறிந்தவர் பக்கத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த குடும்பத்தின் பக்கத்திலிருந்து ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் தோன்றிற்று. அன்று 'மதராஸி' என்று கூவியவர்கள், இவன் மாட்டுங்கா குமாஸ்தாவா, தாராவித் தொழிலாளியா என்று விசாரித்துக் கூவவில்லை. அவர்கள் கண்ணுக்கு நாம் எல்லோரும் ஒன்றுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'காலா'வுக்கு வருவோம். 2018 ஜூன், பா.ரஞ்சித், ரஜினிகாந்த். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய கரிகாலன்; அந்த நிலத்தைப் பறிக்கப் பார்க்கும் ஹரி தாதாவாக நானா படேகர். நம்மில் பலர் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை; பார்த்தவர்களில் சிலருக்குக் கோபம். காரணம் கடைசியில் வரும் ராமாயணப் பாராயணக் காட்சி. வில்லன் வீட்டில் ராம கதை நடக்கிறது, தாராவியில் காலா ராவணன் ஸ்தானத்தில் நின்று போராடுகிறான். தினமும் சுந்தர காண்டம் படிக்கிறவன் நான். எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது, இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்த ஒரு காட்சிக்காக எழுந்து போய்விட்டால், மீதி இரண்டரை மணி நேரம் அந்த ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேட்காமல் போய்விடுவோம். அவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறினோம், இனி எங்கே போவது?

'நாயகன்' காட்சியை நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னேனே! 1987-லும் இடிப்பு, 2018-லும் இடிப்பு. முப்பத்தொரு வருஷத்தில் படமெடுக்கும் முறை மாறிற்று, பயம் மாறவில்லை. இன்று அது சினிமா விஷயமும் இல்லை. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப் புள்ளி கொடுத்துத் தாராவிச் சீரமைப்பைப் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். கழிப்பறையும் குழாயும் உள்ள வீடு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

எங்கள் கட்டிடத்துக்குக் காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு இட்லிக்காரர் வருகிறார். தாராவிக்காரர், பூர்வீகம் நெல்லைப் பக்கம். 'காலா' பார்த்த மறுநாள் அவரிடம், "படம் எப்படி, உங்க இடத்தைச் சரியாக் காட்டியிருக்காளா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வீட்டையெல்லாம் பெருசாக் காட்டிட்டாங்க சார். எங்க வீட்டுல கேமராவ வச்சா மனுசன் நிக்க எடம் இருக்காது" என்றார். பிறகு சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மாடி வீடு தாராங்களாம். தரட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மாவை எடுத்து, அடுப்பைப் பத்த வச்சு, முந்நூறு இட்லி அவிக்க ஒம்பதாவது மாடில விடுவானா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தாராவியில் வீடு என்பதே பட்டறை. இட்லி, முறுக்கு, தோல், மண்பாண்டம் எல்லாம் வாசலிலேயே நடக்கும் தொழில்கள். வீட்டை மாற்றினால் தொழில் என்ன ஆகும் என்ற கேள்வியை எந்தச் செய்தித்தாளையும்விட அவர் எனக்கு நன்றாக விளக்கிவிட்டார்.

2019-ல் வந்த 'கல்லி பாய்' படமும் தாராவிதான். ரண்வீர் சிங் நடித்த நல்ல படம், இளைஞர்கள் அவசியம் பாருங்கள். ஆனால் அந்தத் தாராவியில் தமிழ்க் குரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'காலா'விலோ தாராவியைச் சேர்ந்த டோப்அடெலிக்ஸ் என்ற ராப் குழுப் பையன்களையே பாட வைத்திருக்கிறார் சந்தோஷ் நாராயணன். எனக்கு ராப் பிடிபடாது. ஆனாலும் இந்த ஊர்த் தமிழ் அதில் கேட்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இத்தனை படத்திலும் தாராவித் தமிழனும் மாட்டுங்காத் தமிழனும் ஒரே காட்சியில் நின்று நாலு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை. தமிழ்ப் படத்தில் தாதா மட்டும், ஹிந்தித் தொடரில் ஐயர் மட்டும். படமெடுப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிஜத்தில்தான் எத்தனை தடவை நிற்கிறோம்? இடையில் இருப்பது ஒரு ரயில் பாதை. லைனுக்கு அந்தப் பக்கம் தாராவியோடு ஒட்டியிருக்கும் பேட்டைக்கே 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றுதான் பெயர். நமக்கு ஷண்முகானந்தா, பஜனை சமாஜம், எஸ்.ஐ.இ.எஸ். அவர்களுக்கு 90 அடி சாலையில் பொங்கல் பானை. அவர்களுடைய இட்லியும் முறுக்கும் நம் வீட்டுக்குள் வருகின்றன. அவர்கள் வருவதில்லை. இதற்குப் பின்னால் ஜாதி இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் நிறைந்த இந்தச் சபையில் சொல்லாமல் மழுப்புவது மரியாதை ஆகாது. ரஞ்சித் கோபமாகச் சொன்னதும் அதைத்தான். கோபத்தை ஒதுக்கிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான அபிப்பிராயம்.

சீரமைப்பு முடியும்போது அந்தத் தெருக்கள் இருக்காது. சிலர் அங்கேயே மாடிக்குப் போவார்கள், சிலர் எங்கோ தள்ளிப் போவார்கள். அப்புறம் அந்தத் தமிழைக் கேட்க 'நாயகன்' செட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் செயற்குழுவுக்கு ஒரு யோசனை. வருஷா வருஷம் உறுப்பினர்களுக்காக ஒரு படம் போடுகிறோம். இந்த வருஷம் 'நாயகன்' போடலாம். தாராவியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் அழைக்கலாம். படம் முடிந்ததும் டிபன். அதை அங்கேயே ஆர்டர் கொடுத்து வாங்கி, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பேரக் குழந்தைகள் போனில் ரெக்கார்டு செய்யட்டும்: அந்த வீட்டுப் பாட்டி எப்படி இந்த ஊருக்கு வந்தாள், நம் வீட்டுப் பாட்டி எப்படி வந்தாள் என்று. ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லலாம், பேசித் தீர்த்துக்கொள்வோம்.

என்ன பார்ப்பது என்று மட்டும் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 'நாயகன்' மறுபடி, 'காலா' பொறுமையோடு, 'ஃபேமிலி மேன்' குழந்தைகள் தூங்கிய பிறகு, 'ராக்கெட் பாய்ஸ்' குழந்தைகளோடு. காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.