முதல் சேமிப்புக்குப் பிறகு என்ன?



இன்று நாம் பணத்தைப் பற்றிப் பேசலாம். நம்மில் பலர் அயல்கூட்டத்தில் சேர்ந்து வாரந்தோறும் சேமிக்கிறோம். கேரளத்தில் 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். அங்கே சிறுகச் சிறுகப் போட்ட பணம் பல வீடுகளுக்குக் கைகொடுத்திருக்கிறது.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஒரு கேள்வி வரும். "இதை எதிலாவது முதலீடு செய்தால் பெருகுமே! எப்போது செய்யலாம்?" சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் அண்ணனுக்கும் இந்தக் கேள்வி உண்டு. கரமனையில் இட்லி விற்கும் அக்காவுக்கும் உண்டு.

அவசரப்பட வேண்டாம். மூன்று படிகள் ஏற வேண்டும்.

முதல் படி: வட்டிக் கடனை அடைப்பது.

ஒருவர் 5,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. மாதம் 250 ரூபாய் போகிறது. ஓர் ஆண்டில் 3,000 ரூபாய் போகிறது. அப்படியானால் நூறு ரூபாய்க்கு ஆண்டு வட்டி எவ்வளவு? 60 ரூபாய். நாம் போடும் பணத்துக்கு எந்த வங்கியாவது 60 ரூபாய் வட்டி தருமா? தராது. ஆகவே கடனை அடைப்பதுதான் முதல் லாபம்.

இரண்டாம் படி: ஆபத்துக்கு உதவும் பணம்.

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலை நின்றுவிடும். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுப்பார். அப்போது பணம் உடனே கைக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுக்கு எங்கோ போட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுபடியும் வட்டிக்காரரிடம்தான் போய் நிற்போம்.

குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். மாதச் செலவு 10,000 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் சேர்த்தால் இரண்டரை ஆண்டு ஆகும். ஆகட்டும். இந்தப் பணத்தை வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிப்புக் கணக்கில் வையுங்கள். வேண்டும்போது எடுக்கலாம்.

மூன்றாம் படி: யாரிடம் கொடுக்கிறோம் என்று விசாரிப்பது.

2008-ல் நம் திருவனந்தபுரத்தில் 'டோட்டல் ஃபார் யூ' என்ற நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தது. வங்கியைவிடப் பல மடங்கு லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். நன்றாகப் படித்தவர்களும் பணத்தை இழந்தார்கள். ஆசை காட்டும் பேச்சைக் கேட்டால் சந்தேகப்படுங்கள். உரிய அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் திட்டங்களை 2019-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது.

இந்த மூன்று படியும் ஏறிவிட்டீர்களா? இனி மிஞ்சும் பணத்தை முதலீடு செய்யலாம்.

தபால் நிலையத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கு உண்டு. மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். வங்கியில் நிரந்தர வைப்பாகவும் போடலாம். காப்பீடு உள்ள வங்கி மூழ்கினாலும், 2020 முதல் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. "இங்கே அந்தக் காப்பீடு உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சிட்டி சேர விருப்பமா? கே.எஸ்.எஃப்.இ. 1969-ல் தொடங்கிய கேரள அரசு நிறுவனம். அங்கே சேரலாம். ஆனால் தவணையைக் கடைசி வரை கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பங்குச் சந்தையில் பணம் ஏறும், இறங்கும். ஐந்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணம் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

நாம் எழுதப் படிக்கக் கற்றுவிட்டோம். இனி படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். புரியாத வரி இருந்தால் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

இன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுங்கள்:

என் கடன் எவ்வளவு?
என் மாதச் செலவு எவ்வளவு?
என் சேமிப்பு எவ்வளவு?

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று அந்த மூன்று வரி காட்டும்.