வருமுன் காக்கும் ஊர்



1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகரின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு வெளியேறியது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக விழித்த மக்கள், காற்றின் திசை பாராது ஓடினர். ஓட ஓட மூச்சிரைத்தது. நஞ்சும் மிகுதியாக உட்சென்றது. அவ்வாயு காற்றினும் கனமானது, தரையை ஒட்டிப் பரவுவது. ஆதலின் குழந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக விலகவேண்டும் என்று அவர்களுக்கு முன்னரே சொல்லிவைத்தவர் எவருமில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அறியாமை அம்மக்களின் குற்றமன்று. அறிந்தோர் அறிவிக்காத குற்றம்.

அதன் பின்னர்ச் சட்டங்கள் பிறந்தன. அபாயகரமான தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு அமையவேண்டும் என்கின்றன, 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகள். அக்குழுவில் தீயணைப்பு, காவல், சுகாதார அலுவலர்களுடன் உள்ளூர் மருத்துவர்க்கும் சமூகப் பணியாளர்க்கும் ஊர்த் தலைவர்க்கும் இடமுண்டு. மக்களுக்கு அறிவூட்டுவதும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவதும் அதன் கடமைகள். நம்மில் எத்தனை பேர் அத்தகைய ஒத்திகையைக் கண்டிருக்கிறோம்?

போபால் தொலைவில் உள்ளது என்று எண்ணற்க. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் இருளில் வீடுகளை விட்டு வெளியேறினர். குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினும், பனிக்கட்டி ஆலையின் அம்மோனியாவும், நெடுஞ்சாலையில் ஓடும் டேங்கர் லாரியும் எவ்வூர்க்கும் அண்மையிலேயே உள்ளன.

ஆகவே ஒவ்வொரு தெருவினரும் மூன்று வினாக்களுக்கு விடை தேடி வைத்தல் வேண்டும். நம் அருகில் என்ன பொருள் சேமிக்கப்பட்டுள்ளது? அபாயச் சங்கு ஒலித்தால், கதவடைத்து உள்ளே இருப்பதா, வெளியேறுவதா என்பதை யார், எவ்வாறு அறிவிப்பர்? நடக்க இயலாத முதியோரையும் கைக்குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வர்? விடை கிடைக்காத வினாவை மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் இப்பாடத்தை ஒருநாளும் நான் நடத்தியதில்லை. அக்குறையை உணர்ந்தே இன்று உங்கள்முன் நிற்கிறேன். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், பக்கத்து வீட்டாரோடு இதுபற்றி ஒரு நாழிகை பேசுங்கள். வருமுன் காத்தல் அங்கிருந்தே தொடங்கும்.