கள்வருக்கு ஒரே வரி

எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டவரின் கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கள்வர் எத்தனை பேர்? எந்த ஊர்? கையில் என்ன ஆயுதம்? ஆண்டவர் சொல்லவில்லை. ஒரே வரியில் அவர்கள் வந்து, அடித்து, கதையை விட்டே போய்விடுகிறார்கள். ஆனால் காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சை மதுவும், ஏற்றிச் சென்ற விலங்கும், சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியமும் கணக்காக நமக்குச் சொல்லப்படுகின்றன.

நாம் கதை கேட்கும் விதம் வேறு. செபமாலை முடிந்து, சாப்பாடும் ஆனபின், கைப்பேசியில் நாம் தேடுவது கள்வனைத்தான்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1991இல் ஒருவன் பிடிபட்டான். 1978 முதல் 17 பேரைக் கொன்றவன். 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடருக்கு அவன் பெயரே தலைப்பு. உலகமெங்கும் பார்த்தார்கள், நம்மிலும் பலர் பார்த்தோம். கொலையுண்ட ஒருவரின் சகோதரி 1992இல் நீதிமன்றத்தில் அவனைப் பார்த்துக் கதறினார். அந்தக் கதறலை, அதே சொற்களோடு, அதே போன்ற உடையோடு, ஒரு நடிகை நடித்துக் காட்டினார். தம்மிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அந்தச் சகோதரி பின்னர் சொன்னார். நம் வீட்டு இழவில் நாம் போட்ட ஒப்பாரியை, நம்மைக் கேட்காமலே யாரோ மேடையேற்றினால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்படியானால் இவற்றைச் சொல்லவே கூடாதா? அப்படியும் இல்லை. 1991 மே மாதம் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அவன் வீட்டிலிருந்து தப்பித் தெருவுக்கு வந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் காவல்துறையை அழைத்தார்கள். வந்த காவலர்களோ, அந்தப் பெண்களின் பேச்சைக் கேளாமல், கொலைகாரனின் பேச்சை நம்பிச் சிறுவனை அவனிடமே ஒப்படைத்தார்கள். இது சொல்லப்பட வேண்டிய கதை. அந்தத் தொடரும் இதைச் சொல்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் பார்த்து முடித்த நமக்கு மனதில் நின்றது யார்? இந்த உரையைத் தயாரிக்க உட்கார்ந்தபோது கொலைகாரனின் பெயர் உடனே நாவில் வந்தது. அந்த 17 பேரில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அதே மில்வாக்கியில் 1996இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். கொலைகாரன் அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டிருந்தான். அவன் பயன்படுத்திய கருவிகளையும் சாமான்களையும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கொலையுண்டோரின் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. வாங்கிக் காட்சிக்கு வைக்க ஆள் கிடைத்திருப்பார்கள். நகரத்தார் சிலர் சேர்ந்து 4 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள். பணம் குடும்பங்களுக்குப் போயிற்று. சாமான்களை அழித்து, இடம் வெளியே தெரியாதபடி குப்பைமேட்டில் புதைத்துவிட்டார்கள்.