உயர்தரப் பாடமும் உத்தியோகமும்

வன்னிப் பெருநிலத்துப் பிள்ளையின் பிற்கால உத்தியோகம், க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு கிடைத்த சில வாரங்களுக்குள்ளேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. உயர்தரத்தில் எடுக்கும் துறையே பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறக்கின்றது, திறவாமலும் விடுகின்றது.

இத்தெரிவை எப்பொழுதும் பிள்ளைதான் செய்கிறதென்று சொல்லவியலாது. இலங்கைப் பாடசாலைகளுள் 1ஏபி வகையைச் சேர்ந்தவற்றிலேயே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமுமே பிரதானம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழும் கணிதத் திறமுள்ள சிறுமி, விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எட்டாத் தொலைவிலிருந்தால், கலைப்பிரிவிற் சேர்கிறாள். பேருந்துக் கட்டணமும் விடுதிச் செலவும் அவளுக்காகத் தெரிவைச் செய்துவிடுகின்றன.

பல கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் தீவடங்கிய திறமையாலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையாலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறனுள் அடங்கும். ஆயினும் இச்சலுகை பரீட்சைக்குப் பின்னரே உதவும். இரசாயனம் படிக்க வாய்ப்பற்ற பிள்ளைக்கு மருத்துவபீடத்து இடஒதுக்கீட்டால் யாது பயன்?

கலைப் பட்டதாரிகளிற் பலர் அரசாங்க நியமனத்தையே நம்பியிருக்கின்றனர். 2017ஆம் ஆண்டில் வடமாகாண வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்திலிருந்து போராடியமை நாடறிந்தது. கலைக்கல்வி தாழ்ந்ததென்பது இதன் பொருளன்று. சிங்களமும் ஆங்கிலமும் கணினியறிவும் அதனோடு சேருமாயின், வேறு வாயில்களும் திறக்கும்.

இன்று வன்னியிலேயே வழிகள் பெருகியுள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியில் இயங்குகின்றன. அதன் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கல்வி, தொழில்நுட்பக் கல்வி ஆகிய பீடங்கள் உள்ளன. உயர்தரத்தில் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பத் துறை, இத்தகைய பீடங்களுக்கு நேர்வழியாகும். பல்கலைக்கழகம் புகாதோர்க்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் உண்டு. அது வழங்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கைத்தொழிலுக்கு மதிப்பளிக்கின்றது.

ஆகவே, பெற்றோர் உயர்தரப் படிவத்திற் கையெழுத்திடுமுன் மூன்றை விசாரித்தல் நன்று. பிள்ளைக்கு எப்பாடத்தில் ஆற்றல்? அப்பாடத்திற்கு அப்பாடசாலையில் நிரந்தர ஆசிரியர் உண்டா? அத்துறை எந்தப் பீடத்திற்கும் எந்தத் தொழிலுக்கும் இட்டுச்செல்லும்?

இரண்டாவது கேள்விக்கு விடை பெற்றோர் கையில் இல்லை. அதற்கு விடைகூறும் கடன் கல்வித் திணைக்களத்தைச் சார்ந்தது. கிராமத்துப் பாடசாலையிற் பௌதிக ஆசிரியர் ஒருவர் நிலைத்திருப்பாரானால், பல குடும்பங்களின் விதி மாறும்.