பிரயாணமும் குழந்தைகளும்



கோடை விடுமுறை வருகிறது. உங்களில் சிலர் பிள்ளை குட்டிகளோடு கொடைக்கானலுக்கும் உதகைக்கும், பலர் மாமன் வீட்டிற்கும் சித்தி வீட்டிற்கும் புறப்படுவீர்கள். ஆதலால் பிரயாணத்தில் குழந்தைகளைக் காப்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியனல்ல, எட்டாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவனுமல்ல. படித்தும் கேட்டும், அதைவிட அதிகமாய்ப் பட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறேன்.

நம் ஜனங்கள் பிரயாணம் புறப்படுவதென்றால் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? நாள் பார்க்கிறார்கள், இராகுகாலம் பார்க்கிறார்கள், இன்ன கிழமையில் இன்ன திசைக்குச் சூலம் என்கிறார்கள், பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால், குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர் எத்தனை பேர்? ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, பிறகு ஒன்றரை வயதையொட்டி ஒன்று என்று போட வேண்டிய தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டவர் எத்தனை பேர்? பஸ்ஸில் பக்கத்துக் குழந்தை இருமும்போது தட்டம்மை சூலம் பார்த்துக்கொண்டா வருகிறது?

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். என் தம்பி மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. வழியில் ஒரு கடையில் ஐஸ் போட்ட பழரசம் வாங்கிக் கொடுத்தோம். அந்த ஐஸ் எந்தத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் இரவு பேதியும் வாந்தியும் ஆரம்பித்தன. என் தாயார், "கண்ணு பட்டுடுச்சுடா, மொளகாயச் சுத்திப் போடு" என்றார்கள். தம்பியின் மாமியாரோ, "தண்ணி குடுக்காதீங்க, குடுக்கக் குடுக்கத்தானே போவுது" என்றார்கள். நான் இருவரையும் அதட்டினேன். அதட்டிவிட்டு நான் செய்ததென்ன? மருந்துக்கடைக்கு ஓடி உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து, முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிப் புகட்டினேன். அது ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலம்! அதன் மேலேயே அப்படி அச்சடித்திருந்தது. நான் படிக்கவில்லை.

விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த நர்ஸ் அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐயா, இவ்வளவு உப்பைக் கொடுத்தா பிள்ளை இன்னும் காஞ்சுல்ல போகும்" என்றார். கண்கள் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் கிடந்தான் பையன். இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தான். மிளகாய் சுற்றச் சொன்ன தாயாரைப் பார்த்து நான் சிரிக்க நியாயமில்லை. என் மிளகாய் பொட்டலத்தில் வந்தது, அவ்வளவே வித்தியாசம்.

தோழர்களே! பேதியில் குழந்தைகள் சாவது பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். அதை உள்ளே திருப்பிப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். குடலில் சர்க்கரை உள்ளே நுழையும்போது உப்பையும் கூட இழுத்துப் போகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் போங்கான் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, கூடவிருந்த உறவினரையே புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர் செத்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாகவே செத்தார்கள். மந்திரித்தவர் யார் அங்கே?

ஆகவே, பொட்டலம் கையில் இருக்கட்டும். எவ்வளவு தண்ணீருக்கு என்பதை முதலில் படியுங்கள். 200 மில்லிக்கும் பொட்டலமுண்டு. பொட்டலமில்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு தப்பக்கூடாது. ஒவ்வொரு தடவை போனதும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாய்க் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். கூடவே டாக்டர் துத்தநாக மாத்திரை கொடுப்பார். பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். குழந்தை துவண்டு போனாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொக்கம் எடுக்கிறவரிடம் போகிற நேரம் பிள்ளையின் உயிரில் கழிகிற நேரம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வழியில் தாய்ப்பாலே போதும். வெயிலாயிருக்கிறதே என்று தண்ணீரோ, சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கவேண்டியதில்லை.

தீர்த்தம் சுத்தமென்பார்கள். 1884-இல் ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் காலராக் கிருமியைக் கண்டது கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில். கிருமிக்குத் தெரிந்ததெல்லாம் சூடு ஒன்றுதான். கீழே தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். கொடைக்கானலிலும் உதகையிலும் மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள். உயரே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

இன்னொன்று, குரங்கு. மலையிலும் கோவில் வாசலிலும் குழந்தை கையில் பழத்தைக் கொடுத்து நிறுத்தி வேடிக்கை பார்க்கிறோம். குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும், காப்பித் தூளும் மிளகாய்த் தூளும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு, விடுமுறை முடிந்ததென்று மற்றவற்றை மறந்துவிடாதீர்கள். மீதியை உங்களூரிலேயே போட்டுக்கொள்ளலாம். வெறிநோய் வந்த பின் அநேகமாய் யாரும் பிழைப்பதில்லை.

காரில் போகிறவர்கள், "ஒரு நிமிஷந்தான்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தையை உள்ளே வைத்துப் போகாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் நீங்களே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.

மேசையின் மேல் ஒரு லிட்டர் பாத்திரமும், டம்ளரும், பத்துப் பொட்டலங்களும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் முன்னே வந்து தங்கள் கையாலேயே கலந்து ருசி பார்க்க வேண்டுகிறேன். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். ஆண்களும் வரலாம், அன்று டம்ளரில் கலந்தவன் நானேயாகையால், முதலில் நான் கலக்கிக் காட்டுகிறேன்.