விடை வாராத வழி



தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்குச் சொற்களை நிறுத்துப் பார்ப்பது அன்றாடத் தொழில். கணிப்பொறித் திரையில் தோன்றும் ஒரு வாசகத்தை இன்று நிறுத்துப் பார்ப்போம். ‘இணைப்புக்குரிய நேரம் கடந்துவிட்டது’ என்பது அவ்வாசகம். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வேறொன்றும் உண்டு. இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர், அது சரியன்று. மறுப்பு என்பது ஒரு விடை. அப்புறம் ஒருவர் இருக்கிறார், வேண்டாம் என்கிறார் என்று அறிகிறோம். நேரம் கடந்துவிடுவதோ விடையே இல்லாத நிலை. நாம் அனுப்பியது சேரவில்லையா, சேர்ந்தும் பதில் வழியில் தொலைந்ததா என்று அறிய வழியில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இது சிறிய விஷயமன்று. சொந்த ஊர் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு நாளையே கடைசி நாள். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயில் வழி 2,000 கிலோமீட்டருக்கு மேல். நேரில் சென்று முடிக்க இயலாத காரியங்களை இணையத்தையே நம்பி முடிக்கிறோம்.

ஒரு வீட்டில் இரண்டு கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். இணைப்பு ஒன்றே. விண்ணப்பப் பக்கம் இரண்டிலும் திறக்கிறது. ஆயினும் கிரயப் பத்திரத்தின் நகலை ஏற்றும்போது விண்டோஸில் ஏறுகிறது. லினக்ஸில் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்து, முடிவில் நேரம் கடந்துவிட்டது என்கிறது. உடனே வீட்டார் லினக்ஸே உதவாது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகும். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. அது தமிழிலும் பணி செய்ய இடந்தருவது.

பின் குற்றம் எங்கே? கன்னாட் பிளேஸ் அருகிலுள்ள மிண்டோ பாலத்தைப் போன்ற ஒரு தாழ்ந்த ரயில்வே பாலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சிறு வண்டி எளிதில் நுழையும். உயரப் பாரம் ஏற்றிய லாரி நுழையாது. காவலன், ‘பாரத்தைக் குறைத்து அனுப்புக’ என்று லாரிக்காரருக்குச் சொல்லவேண்டும். அவன் வாய் திறவாமல் லாரியை மட்டும் அப்புறப்படுத்திவிட்டால், அனுப்பியவர் அதே உயரப் பாரத்தையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார்.

இணையத்திலும் இதுவே நிகழ்கிறது. செய்திகள் பொட்டலங்களாகச் செல்கின்றன. ஈதர்நெட் வழியில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். தொலைபேசிக் கம்பி வழி வரும் அகலப்பட்டை இணைப்புகள் பலவற்றில் பி.பி.பி.ஓ.இ. என்னும் முறை கூடுதலாக 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1,492. அதனினும் பெரிய பொட்டலம் வந்தால் ‘பெரிது, குறைக்கவும்’ என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும் ஏற்பாடு 1990ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. எனினும், பாதுகாப்பு என்று கருதி அவ்வறிவிப்பையே தடுத்துவிடும் ஃபயர்வால்கள் பல உண்டு. சிறு பொட்டலங்கள் சென்றுவிடுவதால் பக்கம் திறக்கிறது. பத்திரத்தின் நகல் முழு அளவுப் பொட்டலங்களாகப் புறப்படுவதால் வழியில் மறைகிறது.

விண்டோஸ் மட்டும் தப்புவானேன்? விஸ்டா பதிப்பு முதலாக, விடை வாராதபோது பொட்டலத்தைத் தானே சுருக்கிப் பார்க்கும் வழக்கம் அதில் இயல்பாகவே இயங்குகிறது. லினக்ஸிலும் அவ்வசதி உண்டு. ஆனால் பொதுவாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வேற்றுமை இவ்வளவே. பாலத்தின் குறை இருவருக்கும் பொது.

இத்தகைய வழக்கு முன்னரும் நடந்ததுண்டு. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4, வழியில் நெரிசல் உண்டாவதை முன்கூட்டி அறிவிக்கும் புதிய குறிகளைப் பயன்படுத்த வல்லதாயிருந்தது. அக்குறிகளைக் கண்ட பழைய ஃபயர்வால்கள் சில, ஏதோ தாக்குதல் என்று எண்ணிப் பொட்டலங்களை எறிந்தன. வேறு கணிப்பொறிகளுக்குத் திறந்த தளங்கள் அவ்வசதியை இயக்கிய கணிப்பொறிகளுக்கு மட்டும் திறக்கவில்லை. இணைய நெரிசல் ஆய்வில் பெயர்பெற்ற சாலி ஃபிளாய்ட் அம்மையார் 2002இல் எழுதிய குறிப்பில், இத்தகைய ஃபயர்வால்களின் செய்கை முறையற்றது என்று எடுத்துரைத்தார். புதிதாய் வந்தவனை ஊரார் பழித்தனர். பிழையோ வாயிற்காவலனிடம் இருந்தது.

ஆகவே, செய்யத்தக்கது யாது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. முதலில், அதே லினக்ஸ் கணிப்பொறியைக் கைபேசியின் இணையத்தோடு இணைத்துப் பாருங்கள். நகல் ஏறிவிட்டால் கணிப்பொறி குற்றமற்றது; ஆராய வேண்டியது வழியை. பிறகு பழைய இணைப்புக்கே திரும்பி, ‘பிங்’ கட்டளையைத் ‘துண்டாக்காதே’ என்னும் குறிப்புடன் அனுப்புக. சிறிய அளவுக்கு விடை வந்து, 1,472க்கு விடையே வாராமல், 1,464க்கு மீண்டும் வருமாயின் பாலத்தின் உயரம் 1,492 என்று துணியலாம். தலைப்புக் குறிப்புகளுக்கு 28 பைட் சேர்வதால் இக்கணக்கு. அவ்வாறாயின் வீட்டு ரவுட்டரிலோ கணிப்பொறியிலோ எம்.டி.யு. என்னும் அளவை 1,492 ஆக்குக. அன்றேல் லினக்ஸில் எம்.டி.யு. ப்ரோபிங் என்னும் வசதியை 1 என வைத்து இயக்குக. இணைப்புத் தருவோரிடம் முறையிடும்போது, ‘இணையம் வரவில்லை’ என்று மட்டும் கூறாமல் இந்த எண்களையும் எழுதித் தருவது நலம். எண்ணோடு வரும் முறையீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

அன்றியும், ஒரு நடைமுறை யோசனை. கடைசி நாள் நெருங்கியிருந்தால் ஆராய்ச்சியைத் தள்ளிவைத்துக் கைபேசி இணைப்பிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். பட்டாவும் பிள்ளையின் படிப்பும் முதலில். பாலத்தின் உயரத்தை மறுநாள் அளந்துகொள்ளலாம். ஆனால் அளக்காமல் விட்டுவிடாதீர்கள். வழியிலுள்ள குறையை அறியாமல் நல்லதொரு கணிப்பொறியை விலக்கிவிட்டால், அடுத்த விண்ணப்பத்தின்போதும் குறை அங்கேயே காத்திருக்கும்.