வெள்ளெழுத்தும் கணினித் திரையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாற்பதைத் தாண்டியதும் கிட்டப் பார்வை மங்குவதை நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். எழுத்து சிறுத்துவிட்டது என்று அந்தச் சொல் சொல்லவில்லை, வெளுத்துவிட்டது என்கிறது. திரையில் வாசிக்கச் சிரமப்படும் நமக்கு வேண்டிய பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு விறைத்து, கிட்டத்துப் பொருளுக்கு ஏற்ப வளைந்துகொடுக்க மறுக்கிறது. அது மஞ்சளித்தும் போகிறது, கண்மணியும் சுருங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. ஆகவே எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, பின்னணியிலிருந்து பிரிந்தும் தெரியவேண்டும். இணையப் பக்கங்களுக்கான உலகத் தரம் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற வேறுபாட்டையாவது கேட்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் அது 21க்கு 1. ரோஜாப்பூப் படத்தின்மேல் இளமஞ்சள் எழுத்தில் நமக்கு வரும் அழைப்பிதழ்களை நினைத்துப் பாருங்கள்!

தோட்டத்தில் பிறந்த நாங்கள் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. அசாமில் 40 வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளரை வைத்து நடந்த ஆய்வொன்று 2018இல் லான்செட் மருத்துவ ஏட்டின் உலகச் சுகாதார இதழில் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கிடைத்தவர்களின் கொழுந்து நிறை, கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது. 50ஐத் தாண்டியவர்களிடம் அது இன்னும் அதிகம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கொழுந்தெடுத்தும் இறப்பர் பால் வெட்டியும் நம்மைப் படிக்கவைத்த அம்மாமாரில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள்?

இப்போது அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. வங்கிச் செய்தியும் வெளிநாட்டுப் பிள்ளையின் கடிதமும் அதில்தான் வருகின்றன. பேரப்பிள்ளை வந்து வாசிக்கும்வரை காத்திருக்கும் பாட்டிக்குத் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுகூடத் தன் சொந்த விஷயமாக இல்லாமல் போகிறது. இது நமக்குச் சிறிய காரியமல்ல.

தமிழுக்கென்று தனிச் சிரமமும் உண்டு. ஓலை கிழியும் என்று அக்காலத்தில் ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். வாசிப்பவர் இடமறிந்து வாசித்தார். சின்னத் திரை நம்மை அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. புள்ளி மறைகிறது, மணமும் மனமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு 12 அளவு போதுமென்றால் தமிழை 14இல் வையுங்கள் என்பது எங்கள் யோசனை.

அறிவித்தல்களைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புவோம். படத்தை விரலால் விரித்தால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தென்றால் அவரவர் வைத்திருக்கும் அளவிலேயே வரும், போன் சத்தமாக வாசித்தும் காட்டும். ஆனால் பாமினியில் தட்டியதை அப்படியே அனுப்பினால் மறுபக்கத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோட்டில் எழுதுங்கள். டொரொன்டோவிலிருக்கும் அக்காவுக்கும் தெஹியோவிட்டவிலிருக்கும் டீச்சருக்கும் அது ஒன்றாகவே போய்ச் சேரும்.

கணினியில் கொன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் இணையப் பக்கம் பெரிதாகும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கியே வந்துவிடும். போனில் அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைக் கூட்டலாம்.

கண்ணாடி விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தை 40 சென்டிமீற்றரில் பிடிக்கிறோம், கணினித் திரையோ 60 அளவில் இருக்கிறது. புத்தகக் கண்ணாடியோடு அதன்முன் உட்கார்ந்தால் கழுத்தை நீட்டித்தான் வாசிக்கவேண்டும். கண்ணைப் பரிசோதிக்கும்போது அந்தத் தூரத்தையும் சொல்லிக் கேளுங்கள். இரட்டை வில்லைக் கண்ணாடிக்காரர்கள் திரையைத் தாழ்த்தி வைத்தால் தலையை அண்ணாந்து வாசிக்கத் தேவையில்லை. யன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள். லயத்து அறைபோல் இருட்டான இடத்தில் திரை மட்டும் பளீரென்று எரிந்தாலும் கண் கூசும், ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்புரை உள்ள சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்தே இதமாயிருக்கும். திடீரென்று பார்வை மங்கினாலோ, நீரிழிவு இருந்தாலோ, போன் அமைப்பை மாற்றிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் நூலக அறையில் இருப்போம். போனையும், வழக்கமாகப் போடும் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் எழுத்தளவைச் சரிசெய்து தருகிறோம். டீச்சர்மாருக்கு முதலிடம்.